நம்மூர் வெயிலும் ஒரு சின்ன ஃப்ளாஷும்

சித்திரை மாதம் உச்சிப்பொழுதில் யாரையாவது மொட்டைமாடியில் நிற்க வைத்துப் படம் எடுத்துப் பாருங்கள். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழி, மூக்குக்குக் கீழே ஒரு நிழல் மீசை, நெற்றியும் மூக்குநுனியும் மட்டும் வெளுத்துப்போய், பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்தவர் போல இருப்பார் ஆள். சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நேர் தலைக்கு மேலே வந்துவிடுகிறது. நிழலில்லா நாள் என்று பள்ளிக்கூடத்தில் குச்சி நட்டுக் காட்டுவார்களே, அதுதான். அந்த இரண்டு நாளோடு முடிந்துவிட்டால் பரவாயில்லை, அதற்கு முன்னும் பின்னும் மாதக்கணக்கில் நடுப்பகல் வெளிச்சம் கிட்டத்தட்ட செங்குத்தாகத்தான் விழுகிறது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், "அண்ணே, போர்ட்ரெயிட்டுக்கு இயற்கை வெளிச்சம் நல்லதா ஃப்ளாஷ் நல்லதா?" என்று கேட்கும் தம்பிகள் பாதிப்பேர் யூடியூபில் யாரோ லண்டன்காரர் சொன்னதைக் கேட்டுவிட்டு வருகிறார்கள். அவர் 'கோல்டன் ஹவர்' என்கிறார், சாயங்காலம் போங்கள், ஃப்ளாஷே வேண்டாம் என்கிறார். அவர் ஊருக்கு அது சரி. ஜூன் மாதத்து லண்டனில் சூரியன் சாய்வாகச் சறுக்கிக்கொண்டே இறங்குகிறது, அடிவானத்துக்கு மேலே 6 டிகிரி உயரத்திலிருந்து மறைவதற்கு முக்கால் மணி நேரத்துக்கும் மேலே ஆகும். நம்மூரில் சூரியன் விறுவிறுவென்று நேராக இறங்கும். அதே 6 டிகிரியைக் கடக்க இங்கே அரை மணி நேரம்கூட ஆகாது. மணப்பெண் புடவை மடிப்பைச் சரிசெய்து, பெரியம்மா வந்து தலையில் பூவை இன்னொரு முறை குத்தி, மாப்பிள்ளை போனைப் பேசி முடித்து வருவதற்குள் பொன்மாலைப் பொழுது போயே போய்விடும். அதனால் அங்கே எழுதப்பட்ட விதியை அப்படியே இங்கே கொண்டு வந்து வைத்துக்கொண்டு, 'நான் இயற்கை ஒளி மட்டும்தான்' என்று கொள்கை பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. பக்கவாட்டிலிருந்தோ முன்னாலிருந்தோ வந்தால் ஃப்ளாஷைப் பையிலேயே விட்டுவிடுவேன். தலைக்கு மேலிருந்து வந்தால், முதலில் ஆளை நகர்த்தப் பார்ப்பேன். நகர்த்த முடியாது என்றால்தான் ஃப்ளாஷ்.

நகர்த்துவது என்றால் எங்கே? வாசலுக்கு. இதைவிட நல்ல ஸ்டூடியோ காசு கொடுத்தாலும் கிடைக்காது. ஆளை வீட்டு வாசற்படிக்கு ஒரு எட்டு உள்ளே, தெருவைப் பார்த்தபடி உட்காரவைத்துவிட்டு நீங்கள் வெளியே நின்று எடுங்கள். மேலே கூரை இருப்பதால் செங்குத்தாக விழும் வெளிச்சம் வெட்டுப்பட்டுவிடும். எதிரே இருக்கிற வானமும் எதிர்வீட்டுச் சுவரும் தெருவின் மண்ணும் சேர்ந்து முகத்துக்கு வெளிச்சம் அனுப்பும். அவ்வளவு பெரிய இடத்திலிருந்து வருவதால் நிழலின் ஓரம் மெத்தென்று கரைந்துவிடும். பின்னால் வீட்டுக்குள் இருப்பதெல்லாம் தானாகவே இருட்டாகிவிடும், டிவி, காலண்டர், துணிக்கொடி எதையும் எடுத்து ஒதுக்க வேண்டியதில்லை. திண்ணை வைத்த வீடாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

காரைக்குடிப் பக்கம் ஒரு சதாபிஷேகத்துக்குப் போயிருந்தபோது அந்த வீட்டு ஆச்சியைத் திண்ணையில் உட்காரவைத்தேன். கண்டாங்கிச் சேலை, காதில் வைரத்தோடு. நான் கேமராவை மட்டும் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, "லைட்டு போடாம எடுத்தா படம் விழுமா தம்பி?" என்றார்கள். விழும் ஆச்சி, கொஞ்சம் தலையை மட்டும் இந்தப் பக்கம் திருப்புங்க என்றேன். செட்டிநாட்டு வீட்டுச் சுவர் சுண்ணாம்பைக் குழைத்து இழைத்துப் பூசியது, வழுவழுவென்று வெள்ளையாக இருக்கும். ஆச்சிக்கு இடப்பக்கம் தெரு, வலப்பக்கம் அந்தச் சுவர். தெருவிலிருந்து வந்த வெளிச்சம் இடது கன்னத்தில் விழுந்து, சுவரில் பட்டுத் திரும்பி வலது கன்னத்தின் சுருக்கங்களுக்குள்ளும் லேசாகப் போய் உட்கார்ந்தது. ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணரும் திறன்) 400, லென்ஸ் திறப்பு எஃப் 4, ஷட்டர் 1/125 வினாடி. கண்ணுக்குள் தெருவே சின்னதாகத் தெரிந்தது. இந்த இடத்தில் ஃப்ளாஷை எடுப்பது வீண்வேலை.

அந்த மாதிரிச் சுவர் இல்லாத வீட்டில் தெர்மாகோல். சினிமாக்காரர்கள் பிடிக்கிறார்களே, அதே வெள்ளை அட்டைதான், ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும். வெளிச்சம் வராத பக்கத்தில், படத்தில் தெரியாத அளவுக்கு முகத்துக்குக் கிட்டே ஒருவரைப் பிடிக்கச் சொன்னால் போதும். ரொம்பக் கிட்டே கொண்டுவந்தால் இரண்டு கன்னமும் ஒரே அளவுக்கு வெளிச்சமாகி முகம் தட்டையாகிவிடும். பிடித்திருக்கும் ஆளை முன்னும் பின்னும் நடக்கச் சொல்லிவிட்டு, கேமராவைப் பார்க்காமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் எங்கே நிறுத்துவது என்று தெரிந்துவிடும்.

சரி, நிறத்துக்கு வருகிறேன். நம் ஆட்களைப் படம் எடுப்பதில் பெரிய சிக்கலே கேமராவில் வெளிச்சத்தை அளக்கிற மீட்டர்தான். அது எதைப் பார்த்தாலும் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை போட்ட கறுத்த மனிதர் ஒருவர் வெள்ளைச் சுவர் முன்னால் நின்றால், 'ஐயோ, எல்லாம் வெள்ளையாக இருக்கிறதே' என்று அது வெளிச்சத்தைக் குறைத்துவிடும். முகம் சேறாகிவிடும். உடனே என்ன செய்கிறார்கள்? கேமரா மேலே இருக்கிற ஃப்ளாஷை நேராக முகத்தில் அடிக்கிறார்கள். நெற்றியில், மூக்கில், கன்னத்து மேட்டில் வேர்வை பளீரென்று புள்ளிபுள்ளியாகத் தெறிக்கிறது, மற்ற இடமெல்லாம் அப்படியே மந்தமாக இருக்கிறது. பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து முகத்தை இரண்டு நிறம் வெளுக்கவைத்துக் கொடுக்கிறார்கள். கறுப்பு முகத்தை வெளுப்பாக்குவதற்கென்றே ஃப்ளாஷை வைத்திருப்பவர்களோடு எனக்குப் பல வருஷச் சண்டை.

கறுத்த தோலை எடுப்பதற்கு வெளிச்சத்தைக் கூட்டுவதைவிட வெளிச்சம் வருகிற இடத்தைப் பெரிதாக்குவதுதான் வழி. சிவந்த முகத்தில் வடிவத்தைக் காட்டுவது நிழல். கறுத்த முகத்தில் வடிவத்தைக் காட்டுவது பளபளப்பு. கன்னத்து எலும்பின் மேல் ஒரு நீண்ட மினுமினுப்பு ஓடினால் அந்த முகத்துக்கு உருவம் வந்துவிடும். அந்த மினுமினுப்பு உண்மையில் எதிரே இருக்கிற விளக்கின் பிரதிபலிப்பு, அதனால் சோப்புப்பெட்டி அளவு ஃப்ளாஷை நேராக அடித்தால் சோப்புப்பெட்டி அளவுப் புள்ளி விழும், நாலடி ஜன்னலைப் பக்கவாட்டில் வைத்தால் கன்னம் முழுக்க ஒரு வழுக்கலான வெளிச்சம் ஓடும். தங்க நகைக்கும் இதே கணக்குத்தான். நேராக ஃப்ளாஷ் அடித்த ஆரம் படத்தில் அங்கங்கே வெள்ளைப் பொட்டும் மிச்சமெல்லாம் பழுப்புமாக இருக்கும், பெரிய ஜன்னலோ, ஃப்ளாஷ் வெளிச்சத்தைப் பரப்புகிற வெள்ளைக் குடையோ எதிரே இருந்தால்தான் தங்கம் தங்கமாகத் தெரியும்.

திருநீறு இன்னொரு தொல்லை. கறுத்த நெற்றியில் மூன்று பட்டை வெள்ளை, இரண்டுக்கும் நடுவே அவ்வளவு வித்தியாசம். நேர் ஃப்ளாஷில் அது வெறும் வெள்ளைக் கோடாகிவிடும், சாம்பலின் சொரசொரப்பு, விரல் இழுத்த தடம், காய்ந்து உதிர்ந்த ஓரம் எல்லாம் போய்விடும். பக்கத்திலிருந்து வரும் வெளிச்சத்தில், திருநீறு எரிந்துபோகாத அளவுக்கு எக்ஸ்போஷரை வைத்துக்கொண்டு, முகத்தின் மறுபக்கத்தைத் தெர்மாகோலால் தூக்கிவிட்டால் மூன்று பட்டையும் தனித்தனியாக நிற்கும்.

இவ்வளவு நேரம் ஜன்னலுக்கும் வாசலுக்கும் பரிந்து பேசிவிட்டேன். இப்போது கல்யாண மண்டபத்துக்குள் வாருங்கள்.

முகூர்த்தம் விடிகாலை ஐந்து மணிக்கு. ஜன்னல் இருந்தாலும் வெளியே இருட்டு. மேடைக்கு மேலே குழிவிளக்குகள், அவையும் உச்சி வெயில் மாதிரியே தலையில் இறங்குகின்றன. அலங்காரக்காரர் பின்னால் ஊதா எல்இடி வைத்திருக்கிறார், வீடியோ அண்ணன் தன் பங்குக்கு நேர் எதிரே ஒரு வெள்ளை விளக்கு வைத்திருக்கிறார். கையில் எஃப் 1.4 வரை அகலமாகத் திறக்கிற லென்ஸ் இருந்தால் ஐஎஸ்ஓவை ஏற்றி எடுத்துவிடலாம்தான், இன்றைய கேமராக்கள் தாங்கும். ஆனால் ஐஎஸ்ஓ ஏற்றினால் படம்தான் பிரகாசமாகும், வெளிச்சத்தின் திசை மாறாது. கண்குழி கண்குழியாகவே இருக்கும், கன்னத்தில் ஒரு பக்கம் ஊதாவும் இருக்கும். இங்கே ஃப்ளாஷை எடுக்காதவர் கொள்கைக்காரர் இல்லை, சோம்பேறி.

முதல் வேலை வீடியோ அண்ணனிடம் போய் நிற்பது. "அண்ணே, அந்த லைட்டைக் கொஞ்சம் சைடுல நகர்த்தி வெச்சுக்கலாமா, உங்களுக்கும் முகம் நல்லா வரும்" என்று பதமாகச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் நகர்த்திவிடுவார்கள். நகர்த்தாதவரோடு சண்டை போட வேண்டாம், அன்றைக்கு முழுக்க அவர் தோளுக்குப் பக்கத்தில்தான் நிற்கப்போகிறீர்கள்.

அப்புறம் ஃப்ளாஷ். வீட்டில் என்றால் பக்கத்துச் சுவரிலோ கூரையிலோ பட்டுத் திரும்பும்படி தலையைத் திருப்பி அடிக்கலாம், சுவரே ஆறடி விளக்காகிவிடும். சுவர் என்ன நிறம் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கிளிப்பச்சைச் சுவரில் அடித்தால் மணப்பெண்ணுக்கு மஞ்சள்காமாலை வந்த மாதிரி ஆகிவிடும், ரோஸ் சுவர் பரவாயில்லை, ஊதாச் சுவர் கூடவே கூடாது. அப்படிப்பட்ட வீடுகளில் கதவில் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு அதில் அடிப்பேன். மண்டபத்தில் கூரை இருபது இருபத்தைந்து அடி உயரத்தில் இருக்கும், அங்கே போய்த் திரும்புவதற்குள் வெளிச்சம் செத்துவிடும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகும் என்று பத்தாம் வகுப்பில் படித்ததுதான். அதனால் ஃப்ளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, ஸ்டாண்டில் ஒரு குடையோடு மேடையின் ஓரத்தில், உட்கார்ந்திருப்பவர்கள் தலைக்குக் கொஞ்சம் மேலே, 45 டிகிரி பக்கத்தில் வைத்துவிடுவேன். கம்பியில்லாமல் அதை எரியவைக்க ரேடியோ டிரிக்கர் ஒன்று போதும். யாரும் தடுக்கி விழாதபடி ஸ்டாண்டின் காலில் மணல்மூட்டை கட்ட வேண்டும், மேடையில் குழந்தைகள் ஓடும்.

நிறத்தையும் சரிக்கட்ட வேண்டும். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள். ஃப்ளாஷின் வெளிச்சம் ஏறக்குறைய 5500 கெல்வின், பகல் வெளிச்சத்தின் நிறம். மண்டபத்து மஞ்சள் விளக்குகள் 3000 சுற்றி. இரண்டையும் கலந்தால் முகம் ஒரு நிறம், பின்னால் இருக்கிற கூட்டம் இன்னொரு நிறம். ஃப்ளாஷ் முகத்தில் ஒரு ஆரஞ்சு ஜெல்லை, அதாவது நிறத்தாளை ஒட்டிவிட்டு, கேமராவில் நிறத்தைச் சரிசெய்கிற ஒயிட் பேலன்ஸை 3200 பக்கம் இறக்கினால் எல்லாம் ஒன்றாகிவிடும். பார்ப்பவருக்கு ஃப்ளாஷ் அடித்ததே தெரியாது. எல்இடி விளக்கு துடிப்பதால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறது என்றால் ஷட்டரை 1/100-க்கோ 1/50-க்கோ கொண்டுவந்து பாருங்கள், நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பெரும்பாலும் அது அடங்கிவிடும்.

ஓமப்புகை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புகை நடுவில் இருக்கும்போது கேமரா மேலிருந்து நேராக ஃப்ளாஷ் அடித்தால் அந்த வெளிச்சம் புகையில் பட்டு உங்களிடமே திரும்பி வரும், தாலி கட்டும் படத்தில் வெள்ளைத் திரை விழுந்துவிடும். ஆல்பத்தில் அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் பெண்ணின் அப்பா உங்களை நினைத்துக்கொள்வார். அதே ஃப்ளாஷ் பக்கவாட்டிலோ, மணமக்களுக்குப் பின்பக்கமாகவோ இருந்தால் புகை தனித்தனி இழையாகத் தெரியும், முகமும் தெளிவாக இருக்கும். பின்னால் வைப்பதென்றால் முன்பக்கம் வீடியோ அண்ணனின் விளக்கை நம்பிக்கொள்ளலாம்.

ஃப்ளாஷையும் இருக்கிற வெளிச்சத்தையும் சேர்த்து எடுக்கப் பயப்படுபவர்களுக்கு ஒரே ஒரு விஷயம் பிடிபட்டால் போதும். ஃப்ளாஷ் எரிவது கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவு, குறைந்த சக்தியில் வினாடியில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. அதனால் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது அதைப் பாதிக்காது. ஷட்டரைக் கூட்டிக் குறைத்தால் இருக்கிற வெளிச்சம் மட்டும் கூடும் குறையும். அபர்ச்சரை, அதாவது லென்ஸ் திறப்பை மாற்றினால் இரண்டும் மாறும். ஆக, முதலில் ஃப்ளாஷை அணைத்துவிட்டுப் பின்னணி எவ்வளவு தெரிய வேண்டுமோ அதற்கு ஷட்டரை வைத்துக்கொள்ளுங்கள், பிறகு முகத்துக்குத் தேவையான அளவுக்கு ஃப்ளாஷின் சக்தியை ஏற்றுங்கள். ஷட்டர் மட்டும் 1/200, சில கேமராவில் 1/250, அதைத் தாண்டக் கூடாது. இதைத்தான் சின்க் எல்லை என்பார்கள். தாண்டினால் படத்தின் ஒரு ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும்.

இந்த எல்லையால்தான் நடுப்பகல் வெளிப்புறப் படம் கஷ்டமாகிறது. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100-க்கு 1/200 வைத்தால் அபர்ச்சர் எஃப் 11-க்குப் போக வேண்டியிருக்கும். பின்னணி மங்காது, தென்னந்தோப்பின் ஒவ்வொரு ஓலையும் தெரியும். எஃப் 2.8 வேண்டுமென்றால் ஷட்டர் 1/3200, சின்க் எல்லையைத் தாண்டிவிடுகிறது. அந்த எல்லையைத் தாண்டியும் ஃப்ளாஷ் அடிக்கவிடுகிற ஹை ஸ்பீட் சின்க் போட்டால் ஃப்ளாஷின் பலம் பெருமளவு குறைந்துவிடும். கையடக்க ஃப்ளாஷில் குடையும் மாட்டிக்கொண்டு சித்திரை வெயிலோடு மல்லுக்கட்ட முடியாது. பெரிய பேட்டரி ஃப்ளாஷ் வாடகைக்கு எடுக்கலாம், லென்ஸில் வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி ஃபில்டர் மாட்டலாம். நான் இரண்டையும் செய்வதில்லை. மரத்தடிக்குப் போய்விடுவேன், வேப்பமரமாக இருந்தால் இலை நடுவே வெயில் பொட்டுப்பொட்டாக விழும், அதனால் புளியமரம் உத்தமம். அங்கேயும் மேலிருந்து வெளிச்சம் வருகிறதே என்று தோன்றினால் மட்டும் சின்ன ஃப்ளாஷை மிகக் குறைந்த சக்தியில், கண்ணுக்குள் ஒரு புள்ளி விழும் அளவுக்குக் கொடுப்பேன். சினிமாக்காரர்கள் ஐ லைட் என்பார்கள். அந்தப் புள்ளி இல்லாத கண் செத்த கண்.

ஃப்ளாஷ் என்றாலே செயற்கை, அழகைக் கெடுக்கும் என்பவர்களுக்கு நான் சொல்வது ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா கதைதான். 1956-ல் வந்த சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'வுக்குக் காசி வீட்டு முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவுக்குள் செட் போட்டார்கள். முற்றத்து வெளிச்சம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும், மேலே திறந்த வானத்திலிருந்து இறங்கி, சுவர்களில் பட்டுப்பட்டு, தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் பக்கவாட்டில் வந்து சேரும். மித்ரா செட்டுக்கு மேலே வானத்துக்குப் பதில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளை அந்தத் துணியை நோக்கித் திருப்பி, பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தில் எடுத்தார். நிஜக் காசியில் எடுத்ததும் ஸ்டூடியோவில் எடுத்ததும் கலந்து வந்தாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. இன்று நாம் குடைக்குள் ஃப்ளாஷைத் திருப்பி அடிப்பதும் அதே வேலைதான். முற்றத்தை நன்றாகப் பார்த்தவர் கையில் செயற்கை விளக்கும் முற்றமாகிவிடும்.

ஆனால் ஒரு இடத்தில் ஃப்ளாஷ் தோற்கும், அது தொழில்நுட்பத்தில் இல்லை, ஆளிடத்தில். 1887-ல் ஜெர்மனியில் மெக்னீசியப் பொடியைக் கொளுத்தி வெளிச்சம் உண்டாக்கக் கண்டுபிடித்த காலத்திலிருந்தே இந்தப் பிரச்சினை இருக்கிறது, வெளிச்சம் வந்த கணத்தில் எடுக்கப்படுகிறவர் உஷாராகிவிடுகிறார். ஒரு தாத்தா பேரனிடம் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது ஃப்ளாஷ் பளிச்சிட்டால் அடுத்த நொடி தோள் நிமிரும், சட்டைப் பொத்தானைப் போடுவார், வாய் மூடிக்கொள்ளும். ஸ்டூடியோவில் நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரிக்காமல் உட்காரப் பழகிய தலைமுறை அது. அந்தப் பேச்சு வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ 6400-ம் படத்தில் கொஞ்சம் புள்ளியும் பரவாயில்லை, ஃப்ளாஷ் வேண்டாம். கைக்குழந்தை இருக்கிற வீட்டிலும் ஃப்ளாஷை வெளியே எடுப்பதில்லை, பாட்டி பார்க்கிற பார்வைக்கே பயந்துதான்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். சிலருக்கு வெளிச்சம் அடித்தால்தான் படம் எடுத்த திருப்தி. ஜன்னல் ஓரத்தில் எல்லாம் எடுத்து முடித்து நன்றி சொன்ன பிறகும் 'எப்பப்பா எடுக்கப் போற?' என்று உட்கார்ந்தே இருப்பார்கள். அவர்களுக்காகக் கடைசியில் ஒரு முறை ஃப்ளாஷைக் கூரையில் அடித்துவிடுவேன். 'ம், ஆச்சா' என்று எழுந்துபோவார்கள். சமயத்தில் அந்தப் படமும் நன்றாக வந்துவிடும்.

என்ன வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: முதலில் தெர்மாகோல், அதோடு ஒரு மாதமாவது வாசலில் உட்காரவைத்தே எடுங்கள். பிறகு மேனுவலாகச் சக்தியை மாற்றக்கூடிய சாதாரண ஃப்ளாஷ் ஒன்று, பழையது கிடைத்தால் பழையதே போதும். ஒரு ஸ்டாண்டு, வெள்ளைக் குடை, டிரிக்கர், ஆரஞ்சு ஜெல். லென்ஸ் எல்லாம் இதற்கு அப்புறம்தான். டிரிக்கருக்கும் ஃப்ளாஷுக்கும் மாற்று பேட்டரி எப்போதும் பையில் இருக்கட்டும், விடிகாலை ஐந்து மணி முகூர்த்தத்துக்கு எந்தக் கடையும் திறந்திருக்காது.